அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு வெள்ளோட்டம்

எங்கள் நைனாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. செஞ்சி கடைத்தெருவில் கடலை மண்டி வைத்திருக்கிறவனுக்கு சைக்கிளே ஆடம்பரம் என்பது அவருடைய எண்ணம். மண்டிக்கும் வீட்டுக்கும் நடந்தே போய்வருவார். மழை பிடித்துக்கொண்டால் ஒரு சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவர், எனக்கு எட்டு வயதாகும்போது, தாலுகாவில் ஒருவரிடமும் இல்லாத அளவுக்குப் பெரிய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினார். ஊர் சிரித்ததில் தப்பு சொல்ல முடியாது.

அந்தக் கார் பாண்டிச்சேரியில் இருந்தது. நைனா எண்ணெய் விலை பேச அங்கே போயிருந்தபோது யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போன பிறகு அந்த ஊரில் பெரிய வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. கோர்ட்டில் பெரிய உத்தியோகம் பார்த்து இறந்துபோன ஒருவருடைய மனைவி, பிரான்சில் இருக்கும் மகனிடமே போய்விடுவதென்று முடிவு செய்து, கட்டில், பீரோ, பியானோ எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தார். எல்லாம் விற்றுவிட்டது. கார் மட்டும் நின்றது. அது அவ்வளவு பழசு. அவ்வளவு ஓடியிருந்தது. வாங்குகிற விலையைவிட அதற்குப் பெட்ரோல் போடுகிற செலவை நினைத்தே எல்லோரும் ஓடிப்போனார்கள்.

நைனா ஓடவில்லை. அதற்குக் காரணம் எங்கள் வீட்டு உள் அறையில் படுத்திருந்தது.

அம்மாவுக்கு முதுகுவலி என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எழுந்திருக்கக் கூடாது, குனியக் கூடாது, நான் மேலே விழுந்து விளையாடக் கூடாது. சமையலுக்கு அத்தை வந்து தங்கியிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு கால்களுக்கும் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். முதுகு வலிக்கிறவர்களுக்கு அப்படித்தான் வைப்பார்கள்போல என்று நானும் நம்பினேன். உண்மையில் அம்மா உண்டாகியிருந்தார். எனக்குப் பிறகு இரண்டு முறை அப்படி உண்டாகி, இரண்டு முறையும் நிறைமாதம் வரைக்கும் தங்கவில்லை. இரண்டாவது முறை திண்டிவனம் பஸ்ஸில் போகும்போதே வழியில் எல்லாம் முடிந்துவிட்டதாம். எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா ஊருக்குப் போய்விட்டு வந்து, பல நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார் என்பதுதான்.

இந்த முறை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்திருந்தார்கள். அந்த அம்மா இரண்டு உத்தரவு போட்டிருந்தார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தன்னிடம் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது ஒன்று. உடம்பு அலுங்கக் கூடாது, படுத்த வாக்கிலேயே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. செஞ்சியிலிருந்து பாண்டிச்சேரிக்கு அந்தக் காலத்து ரோட்டில் அலுங்காமல் போவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. பஸ்ஸில் கூடாது. மாட்டு வண்டியில் கூடவே கூடாது. ஊரில் இருந்த ஒரே வாடகைக் காரில் நான் கால் நீட்டிப் படுத்தாலே கால் கதவில் இடிக்கும்.

நைனா இதை யாரிடமும் விளக்கவில்லை. மூன்றாம் முறையும் ஊர் வாயில் விழ வேண்டாம் என்று விஷயத்தை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அதனால் மண்டிக்கு வருகிறவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா, கோட்டை ராஜாவுக்கு அப்புறம் நீங்கதான் குதிரை வாங்கப் போறீங்களாமே" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நைனாவும் கூடவே சிரித்துவிட்டுக் கடலையை அளக்கப் போய்விடுவார்.

வீட்டுக்குள்ளும் அவருக்குத் துணை இல்லை. அத்தை, இருக்கிற நிலத்தில் பாதியைக் கொடுத்துத் தகரம் வாங்குகிறான் தம்பி என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, லாரி டிரைவர். வண்டிகளின் வயிற்றுக்குள் புகுந்து வந்தவர். அவர் காரைப் பார்க்காமலே வேண்டாம் என்றார். ஆனால் எல்லோரையும்விட அழுத்தமாக வேண்டாம் என்றது அம்மாதான்.

ஒரு மத்தியானம் அம்மாவுக்கு விசிறிக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கை ஓய்ந்து நான் கண்ணை மூடியதும், தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அம்மா நைனாவிடம் பேசினார்.

"இதுவும் தங்கலன்னா, அந்தக் காரு நம்ப வாசல்லயே நிக்குமேங்க. தெனம் எழுந்து அது மூஞ்சில முழிக்கணுமே நானு."

நைனா என் கையிலிருந்த விசிறியை எடுத்து அம்மாவுக்கு விசிறினார். பிறகு, "பாத்துட்டு மட்டும் சொல்லு" என்றார்.

கார் ஏன் அம்மாவைப் பார்க்க வேண்டும், அம்மா ஏன் அதற்குப் பயப்பட வேண்டும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். காருக்கு முன்னால் இரண்டு பெரிய விளக்குகள் இருக்கும், அவை கண் மாதிரி இருக்கும், அதனால்தான் என்று எனக்கு நானே விடை கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. காரை விற்கும் அந்தப் பாண்டிச்சேரி அம்மாவே கூட வந்திருந்தார். காரை ஓட்டிவர அவர் ஏற்பாடு செய்திருந்த ஆள் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார். பின் கதவைத் திறந்துகொண்டு இறங்கியவர், நரைத்த தலையைக் கொண்டை போட்டு, வெள்ளைச் சேலை கட்டி, கழுத்தில் சிலுவை போட்ட மெலிந்த ஓர் அம்மாள். நைனாவை "மெஸ்ஸியே" என்று கூப்பிட்டார். அது பிரெஞ்சில் ஐயா என்பது எனக்குத் தெரியாது. நைனாவின் பெயரை யாரோ அவருக்குத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். திருத்தலாமா என்று அத்தையைப் பார்த்தேன். அத்தை என் கையைக் கிள்ளினார்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கோட்டையில் இருக்கும் சக்கரக்குளத்துத் தண்ணீர் போலப் பாசிப் பச்சை நிறம். தெருவின் இந்த வீட்டில் மூக்கும் அடுத்த வீட்டில் வாலுமாக நின்றது. பளபளவென்று இருந்திருக்க வேண்டிய வெள்ளிப் பட்டைகளில் அங்கங்கே அம்மை வடு மாதிரி துரு. உள்ளே சோபா போல இரண்டு நீள சீட்டுகள். பின் சீட்டின் தோல் ஓர் ஓரத்தில் கிழிந்து, அந்த இடத்தை வேறு நிறத் தோலால் அழகாகத் தைத்திருந்தார்கள். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். யாரும் தொடவில்லை. அது எங்களுடைய காராகப் போகிறதோ இல்லையோ, அதைத் தொடாதே என்று சொல்லும் உரிமை அன்றைக்கு எனக்கு இருந்தது. வேண்டிய மட்டும் சொல்லிக்கொண்டேன்.

மாமா வேலையை ஆரம்பித்தார். மூடியைத் தூக்கினார், அடியில் படுத்தார், ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டினார், இஞ்சினை ஓடவிட்டுப் புகைக்குழாய் வாயில் உள்ளங்கையை வைத்து எடுத்து முகர்ந்து பார்த்தார். நீலப் புகை தெருக்கோடி வரைக்கும் போயிற்று. கையைத் துடைத்துக்கொண்டே நைனாவிடம் வந்தார்.

"மாமா, இது காரு இல்ல, காட்டேரி. பெட்ரோலு ஒரு பக்கம் குடிக்குது, ஆயிலு ஒரு பக்கம் குடிக்குது. டயரு நாலும் மொட்டை. மைலுமீட்டரப் பாத்தா கொஞ்சமாத்தான் காட்டுது, அதான் சந்தேகமா இருக்குது."

"சந்தேகம் வேணாம் தம்பி" என்றார் பாண்டிச்சேரி அம்மாள். "அது முழுசா ஒரு சுத்து சுத்திட்டு, திரும்ப மொதல்லேர்ந்து வந்துகிட்டு இருக்குது. எங்க வீட்டுக்காரர் காரைக்காலுக்கும் பாண்டிக்கும் வாரா வாரம் போவார். மழை பேஞ்சா காலையில ஸ்டார்ட் ஆகாது. வெயில் காலத்துல சூடேறி நிக்கும். தண்ணி இல்லாம எங்கியும் எடுத்துட்டுப் போகாதீங்க."

விற்க வந்தவரே இப்படிச் சொன்னதும் மாமா தூக்கிய மூடியை இறக்கி வைத்தார். குறை சொல்லும் வேலையையும் அந்த அம்மாள் பிடுங்கிக்கொண்டுவிட்டார். நைனா இது எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பின் கதவைத் திறந்து சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஓர் அழுத்து, நடுவில் ஓர் அழுத்து. மண்டியில் கடலை மூட்டை காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு நிமிர்ந்து, "பாப்பா, இங்க வா" என்றார்.

நான் ஓடினேன்.

"இதுல படுத்துக்க. காலு நீட்டிப் படு."

படுத்தேன். தலையும் இடிக்கவில்லை, காலும் இடிக்கவில்லை. எனக்கப்பால் இன்னும் கொஞ்சம் சீட் மிச்சமிருந்தது.

"மச்சான், வண்டிய எடு. அவலூர்பேட்டை ரோட்டுல கொஞ்ச தூரம் போய்ட்டு வரலாம்."

மாமா திகைத்தார். "திண்டிவனம் ரோட்டுல போலாம் மாமா. அவலூர்பேட்டை ரோடு பூரா குண்டும் குழியும்."

"அதனாலதான் சொல்றேன். அந்த ரோட்டுல தாங்குனா எந்த ரோட்டுலயும் தாங்கும்."

பாண்டிச்சேரி அம்மாள் நைனாவையும், சீட்டில் படுத்திருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நீங்க போய்ட்டு வாங்க. நான் உள்ள ஒக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அத்தை கேட்பதற்குள் செருப்பைக் கழற்றி உள்ளே போய்விட்டார்.

மாமா ஓட்ட, நைனா அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஒரு வேலை தரப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். எங்கேயாவது உடம்பு தூக்கிப் போட்டால் உடனே சொல்ல வேண்டும். எழுந்து வேடிக்கை பார்க்கக் கூடாது. வாழ்க்கையில் முதல்முறை அப்படிப்பட்ட காரில் ஏறுகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று நைனாவுக்குத் தோன்றவில்லை. தெருவில் நிற்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்கப் போவதே இல்லை. இருந்தாலும் பெரியவர்கள் எனக்கென்று ஒரு பொறுப்பைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஒரு குழியைக்கூட விட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கார் கிளம்பியது. கடைத்தெருவின் சத்தம் பின்னால் போயிற்று. பிறகு காற்று. புளியமரங்களைத் தாண்டும்போது மூடிய இமைக்கு மேல் நிழலும் வெயிலும் மாறி மாறி ஓடின. எங்கேயோ கீழே, ரொம்பத் தொலைவில், சக்கரங்கள் குழிக்குள் இறங்கி ஏறுவது கேட்டது. ஆனால் என்னிடம் வந்து சேரும்போது அது தொட்டில் ஆட்டுவது போலத்தான் இருந்தது. தோல் வாசனையும் பழைய அத்தர் வாசனையும் கலந்து வந்தது.

"குலுங்குதா பாப்பா?"

"இல்ல நைனா."

"இப்ப?"

"இல்ல."

அடுத்து அவர் கேட்டது என் காதில் விழவில்லை. தூங்கிவிட்டேன்.

விழித்தபோது கார் நின்றிருந்தது. மாமாவும் நைனாவும் சீட்டுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடுத்த ஒரே வேலையில் தூங்கிவிட்டேன். இனி நைனா எதற்கும் என்னை நம்பமாட்டார். அழுகை வந்துவிட்டது.

"தூங்கிட்டேன் நைனா. திரும்ப ஒரு வாட்டி போலாம். இந்த வாட்டி சொல்றேன்."

நைனா கையை நீட்டி என் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினார். சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார். கோபம்தான் என்று எனக்கு உறுதியாயிற்று. மாமா இறங்கி டயர் ஒவ்வொன்றையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "டயரு நாலும் மாத்திடலாம் மாமா. எனக்குத் தெரிஞ்ச எடம் இருக்குது" என்றார். "லாரி முதலாளிகிட்ட மாசத்துல ரெண்டு நாளு லீவு கேட்டுக்கறேன். நானே ஓட்டறேன். வேற எவன் கையிலயும் குடுக்க வேணாம்."

வீட்டுக்குத் திரும்பியபோது பாண்டிச்சேரி அம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கை அவர் கைக்குள் இருந்தது. அம்மா அழுதிருந்தது முகத்தில் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் பெரியவளான பிறகு அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "பெருசா ஒண்ணும் பேசல. கையப் புடிச்சிகிட்டு ஒக்காந்திருந்தாங்க. அவங்களுக்கும் ரெண்டு போயிருக்குது" என்றார் அம்மா.

நைனா அறை வாசலில் நின்றார். பாப்பா தூங்கிவிட்டது என்று மட்டும் சொன்னார். என் குற்றத்தை அம்மாவிடமும் சொல்லிவிட்டாரே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். மாமா போய்க் காரைக் கொஞ்சம் முன்னால் எடுத்து ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார். படுத்தபடியே தலையைத் திருப்பி அம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி கண்ணாடி பெருசா இருக்குது" என்றார் கடைசியில். "படுத்துகிட்டே வானத்தப் பாத்துகிட்டுப் போலாம்."

அதை அவருடைய சம்மதம் என்று எல்லோரும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது எனக்கு அப்போது வியப்பாக இருந்தது. அத்தை மட்டும் அடுப்படிக்குப் போய், வந்திருந்தவர்களுக்குக் காபி போட்டார். பாலைத் தாராளமாக ஊற்றினார். அவர் தோற்றுப்போனதை அப்படித்தான் ஒப்புக்கொள்வார்.

விலையில் அந்த அம்மாள் தாமாகவே கொஞ்சம் குறைத்துக்கொண்டார். சாயங்காலம் அவரையும் காரை ஓட்டிவந்த ஆளையும் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட நானும் காரில் போனேன். பஸ் புறப்படும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கோட்டை மலையையும் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நின்ற காரையே பார்த்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் எங்கள் தெரு விழித்துக்கொண்டது. பின் சீட்டில் இலவம் பஞ்சு மெத்தை போட்டு, நைனாவும் மாமாவும் அம்மாவைக் கட்டிலோடு தூக்கிவந்து படுக்க வைப்பார்கள். மாமா லாரி ஓட்டும்போது எப்படியோ, இந்தக் காரை எறும்பு ஊர்வது போல ஓட்டினார் என்று வழியில் பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஐப்பசி மழையில் அந்த அம்மாள் சொன்னபடியே கார் கிளம்ப மறுத்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தள்ளினார்கள். காரைத் தள்ளும்போதுதான், உள்ளே படுத்திருந்த அம்மாவின் வயிற்றைப் பார்த்து, இத்தனை நாள் மூடி வைத்த விஷயம் ஊருக்குத் தெரிந்தது. அதன் பிறகு யாரும் ராஜா, குதிரை என்று கேலி பேசவில்லை. அடுத்த தடவை கூப்பிடாமலே வந்து தள்ளினார்கள். நான் மட்டும் இன்னும் முதுகுவலியை நம்பிக்கொண்டிருந்தேன். முதுகு வீங்கி வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கடைசி மாதம் அம்மாவை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். நைனா மண்டியைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு அங்கேயே போய்க் கிடந்தார். மாசி மாதத்தில் ஒருநாள் மாமா வந்து, அம்மாவைக் கூட்டிவரப் போகிறோம் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். இந்த முறை உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் அம்மாவின் மடியில் சுருட்டி வைத்த துணிக்குள் சிவப்பாக ஒரு முகம் இருந்தது. உன் தங்கச்சி என்றார்கள். முதுகுவலிக்குப் போன இடத்தில் இது எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். டாக்டரம்மா உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது, கோட்டை மலை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய இடத்தில் கார் பெருமூச்சு விட்டு நின்றது. கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் ஊற்றியும் அசையவில்லை. மாமா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். பக்கத்து வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் நைனா போய்ப் பேசினார். அவர் இரண்டு மாடுகளையும் அவிழ்த்துக்கொண்டு வந்து, முன்னால் கயிறு கட்டிக் காரை இழுக்கவிட்டார். மாமா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். நைனா காரின் மேல் ஒரு கையை வைத்தபடி பக்கத்திலேயே நடந்து வந்தார்.

அப்படியே செஞ்சி கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். ஊரிலேயே பெரிய காரை உழவு மாடு இழுத்துக்கொண்டு போகும் காட்சியைப் பார்க்க டீக்கடையிலிருந்தும் துணிக்கடையிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன். அங்கிருந்து வெளியே நடந்த பேச்சு எல்லாம் நன்றாகக் கேட்டது.

"காரு இன்னாச்சுங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

"பொண்ணு" என்றார் நைனா. "நல்லா இருக்குது."

"இஞ்சின் போயிடுச்சா?" என்று இன்னொரு குரல்.

"அம்மாவும் நல்லா இருக்கறாங்க. மூக்கு அப்படியே அவங்கம்மா மாதிரி."

"ரிப்பேரு பெருசா இருக்குமா?"

"தலை நெறைய முடி. வந்து பாருங்க, வீட்டுக்கு வந்து பாருங்க."

நான் தலையைத் தூக்கி ஜன்னல் வழியாக நைனாவைப் பார்த்தேன். கன்னமெல்லாம் ஈரமாக, சிரித்த முகத்தோடு, கேட்டவர்களுக்கெல்லாம் சம்பந்தமில்லாத பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பாண்டிச்சேரியில் இத்தனை நாள் கடல் காற்றில் இருந்ததில் ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குப் பட்டது.

"அம்மா, நைனாவுக்குக் காது கேக்கல" என்றேன் மெதுவாக.

அம்மா குழந்தையின் தலைக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, "ஆமா" என்றார்.

வீட்டுக்குப் போன உடனே, வேறு எந்த வேலைக்கும் முன்னால், அத்தையிடம் சொல்லி நைனாவின் காதுக்கு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்ல வேண்டும் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.